மறைந்த பேரரசும் மீட்ட நூல்களும்

அரசுகள் தோன்றுவதும் வளர்வதும் மறைவதும் உலகியற்கை. ஆயினும், ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு காலம் கடல்வழிகளைக் காத்து, சீனத்துக்கும் பாரதத்துக்கும் தூது அனுப்பி, பல்லாயிரம் துறவிகளுக்கு உணவும் உறையுளும் அளித்த ஒரு பேரரசின் பெயர், அதன் சொந்த மண்ணிலேயே வழங்காது ஒழிந்தமை பெரிதும் வியப்புக்குரிய செய்தியாகும். அவ்வாறு ஒழிந்த பெயரை மீட்டுத் தந்தவை படைகளோ அரண்மனைகளோ அல்ல. சில நூல்களும், செப்பேடுகளும், கல்வெட்டுகளுமே. அந்தப் பேரரசின் பெயர் ஸ்ரீவிஜயம். அதனை மீட்ட ஆவணங்களுள் தமிழ் ஆவணங்கள் தலையாய இடம் பெறுகின்றன என்பது தமிழ் நேயர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது.

ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றை உணர வேண்டுமாயின், முதலில் அது அமைந்த இடத்தின் இயல்பை உணர வேண்டும். சீனத்திலிருந்து பாரதத்துக்குக் கடல்வழியே செல்வோர், மலாயாத் தீபகற்பத்துக்கும் சுமத்திராத் தீவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணையைக் கடந்தே செல்லுதல் வேண்டும். அக்காலக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். அவற்றை இயக்கியது பருவக்காற்று. ஒரு பருவக்காற்றோடு வந்த கப்பல், அடுத்த காற்று வீசுமளவும் மாதக்கணக்காக ஏதேனும் ஒரு துறையிற் காத்திருத்தல் இன்றியமையாதது. காத்திருக்கும் கப்பலுக்கு நன்னீரும் உணவும் வேண்டும். சரக்குக்குப் பண்டசாலை வேண்டும். கடற்கொள்ளையரிடமிருந்து காவலும் வேண்டும். இவற்றை அளிக்கவல்லவன் எவனோ அவனே அக்கடலின் அரசன். சுமத்திராவின் தென்கிழக்கே, மூசி ஆற்றின் கரையில், கடலிலிருந்து சற்று உள்ளடங்கியிருந்த பலெம்பாங் என்னும் துறைநகர் அவ்வாறே அரசு பெற்றது.

அத்துறைநகரைக் கண்ணாரக் கண்டு எழுதிவைத்தவர் இத்சிங் என்னும் சீனத் துறவி. அவர் கி.பி. 671 ஆம் ஆண்டில், பாரத நாட்டிலுள்ள நாலந்தாவிற் கற்க வேண்டுமென்னும் வேட்கையோடு, குவாங்சௌ துறைமுகத்தில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். இருபது நாள் முடியுமுன் அக்கப்பல் போசி என்னும் நாட்டை அடைந்தது. அங்கே அவர் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பௌத்தத் துறவிகள் வாழ்ந்தனர் என்றும், அவர்களுடைய கல்வியும் ஒழுக்கமும் பாரதத்திலுள்ளவற்றை ஒத்திருந்தன என்றும், பாரதம் செல்ல விரும்பும் சீனத் துறவி முதலில் அங்கே ஓரிரு ஆண்டு தங்கிப் பழகிச் செல்லுதல் நலமென்றும் அவர் எழுதியுள்ளார்.

நாலந்தாவிற் பத்தாண்டு கற்றபின் இத்சிங் மீண்டும் அத்துறைநகருக்கே வந்தார். சுமந்து வந்த ஏடுகள் பல. அவற்றைச் சீன மொழியிற் பெயர்க்கும் வேலை பெரிது. எழுதுவதற்குத் தாளும் மையும் போதவில்லை. ஆகவே, 689 ஆம் ஆண்டில், தாளும் மையும் எழுத்தரும் வேண்டுமெனச் சீனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பக் கருதி, துறையில் நின்ற கப்பலில் ஏறினார். அவ்வேளையில் நல்ல காற்று எழவே, கப்பலோட்டிகள் பாயை விரித்துவிட்டனர். துறவி இறங்குதற்கு வழியில்லை. கடிதம் கொடுக்கச் சென்றவர் தாமே சீனம் போய்ச் சேர்ந்தார்! எனினும் அவர் மனம் அங்கே தரிக்கவில்லை. ஏடுகள் எல்லாம் ஸ்ரீவிஜயத்தில் இருந்தன. அவ்வாண்டிலேயே துணைவர் நால்வரை அழைத்துக்கொண்டு மீண்டும் கடல் கடந்து வந்து தம் பணியைத் தொடர்ந்தார். 692 இல் தம் நூல்களை மற்றொரு துறவி வாயிலாகச் சீனத்துக்கு அனுப்பினார். 695 இல் தாமும் தாயகம் திரும்பினார். தாளுக்கும் மைக்குமாக ஒருவர் பட்ட இந்தத் துன்பம் இல்லையேல், ஸ்ரீவிஜயத்தின் தொடக்க கால வாழ்வை அறிதற்கு இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கும்.

இத்சிங் ஒருவரே அந்நாட்டைக் குறித்தவர் அல்லர். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டு அரபு நூலாசிரியர் சாபக் நாட்டு மகாராசாவின் செல்வத்தைப் பலபடப் புகழ்ந்தனர். அம்மன்னன் நாள்தோறும் ஒரு பொற்கட்டியை அரண்மனைக்கு அருகிலுள்ள நீர்நிலையில் எறிவான் என்றும், அவன் இறந்தபின் அப்பொன்னை எடுத்துப் பங்கிடுவர் என்றும் ஒரு கதை அவர்களிடையே வழங்கியது. 1225 ஆம் ஆண்டில் சீனச் சுங்க அதிகாரி சாவ் சூகுவா எழுதிய நூலிலோ சான்போசி என்னும் நாடு பேசப்படுகிறது. அந்நாட்டில் மக்கட் சிலர் நீரின்மேல் மிதக்கும் வீடுகளில் வாழ்ந்தனர் என்பதும், துறையிற் புகாது கடந்து செல்லும் வணிகக் கப்பலை அந்நாட்டுப் படகுகள் சென்று தாக்கும் என்பதும் அவர் தரும் செய்திகள்.

சான்றுகள் இவ்வளவு இருந்தும் வரலாறு துலங்கவில்லை. காரணம் யாதெனின், ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு பெயரால் அந்நாட்டை வழங்கியமையே. ஏழாம் நூற்றாண்டுச் சீனர் கூறிய போசி வேறு, பத்தாம் நூற்றாண்டுச் சீனர் கூறிய சான்போசி வேறு என எண்ணினோர் பலர். அரபு மக்களின் சாபக் எதுவென்பதிலும் ஐயம் இருந்தது. சுமத்திராவை அடுத்த பங்கா தீவில், கோத்தா கப்பூர் என்னுமிடத்தில், 1892 ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. அது கி.பி. 686 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழைய மலாய் மொழியில் அமைந்தது. அரசுக்கு மாறாகச் சூழ்ச்சி செய்வோர் அழிக என்று சபிக்கும் அக்கல்வெட்டில் ஸ்ரீவிஜய என்னுஞ் சொல் காணப்பட்டது. ஒல்லாந்தப் பேரறிஞர் கெர்ன் 1913 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டபோது, ஸ்ரீவிஜயன் என்பது ஓர் அரசன் பெயரென்றே கொண்டார். ஒரு பேரரசின் பெயர் அறிஞர் கைக்கு வந்தும், அது ஒரு தனிமனிதன் பெயராகவே மயங்கிக் கிடந்தது.

தமிழ் நாட்டிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. முதலாம் இராசேந்திர சோழன் அலைகடல் நடுவே கலம் பல செலுத்திக் கடாரத்து அரசனை வென்ற செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலுள்ள சாசனம் விரிவாகக் கூறுகின்றது. கடாரங் கொண்டான் என்பது அவனுக்கு வழங்கிய விருது. ஆயினும் கடாரம் எங்குள்ளது என்பதை ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் அறிந்திலர். அது பர்மாவிலுள்ள பெகு நகரமென எழுதியோரும் உளர். பத்துப்பாட்டுள் ஒன்றான பட்டினப்பாலையிற் காழகம் என வருவதற்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரை வகுத்தார்; எனினும், பெயர் அறிந்தும் இடம் அறியாத நிலையே நீடித்தது.

இம்முடிச்சை அவிழ்த்தவர் ஜோர்ஜ் செடேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1886 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிற் பிறந்த அவர், 1918 ஆம் ஆண்டில் சீயத்தின் தலைநகரான பாங்கொக்கில் தேசிய நூலகத்தின் தலைவராகப் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே ஸ்ரீவிஜய அரசு என்னும் பொருள் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. புதிய கல்லொன்றையும் அவர் அகழ்ந்தெடுத்திலர். புதிய ஏடொன்றையும் கண்டெடுத்திலர். பலரும் தனித்தனியே படித்துவந்த சீன வரலாறு, தமிழ்ச் செப்பேடு, மலாய்க் கல்வெட்டு ஆகியவற்றை ஒரே மேசையில் ஒருங்கு வைத்துப் படித்ததே அவர் செய்த புதுமை.

அவர் கையாண்ட சான்றுகளுள் முதன்மையானது ஆனைமங்கலச் செப்பேடு. அது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டமையால் லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்றது. இருபத்தோர் ஏடுகள் கொண்ட அதன் ஒரு பகுதி வடமொழியிலும் மறு பகுதி தமிழிலும் அமைந்துள்ளன. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராசராச சோழன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை அது கூறுகின்றது. சைவப் பேரரசன் ஒருவன், கடல் கடந்த பௌத்த மன்னனின் விகாரத்துக்கு ஊரளித்த அரிய செய்தி அது. அதில் அவ்விகாரத்தோடு தொடர்புடைய மன்னர் இருவர் குறிக்கப்படுகின்றனர்: தந்தை சூடாமணிவர்மன், மைந்தன் மாறவிசயோத்துங்கவர்மன். மைந்தனைச் சைலேந்திர குலத்தவன் என்றும், ஸ்ரீவிஷய நாட்டின் தலைவன் என்றும், கடாகத்தை ஆள்பவன் என்றும் வடமொழிப் பகுதி சிறப்பிக்கின்றது.

இனிச் சீனத்துச் சொங் மரபின் வரலாற்றைப் பார்ப்போமாயின், அங்கே 1003 ஆம் ஆண்டிற் சான்போசி நாட்டு மன்னன் தூது அனுப்பினான் எனக் காணப்படுகிறது. சீன ஒலிக்கேற்பத் திரிந்து நிற்கும் அவன் பெயரைச் சற்று நிறுத்தி ஒலித்துப் பார்த்தால் அது ஸ்ரீ சூடாமணிவர்மதேவன் என்பதே. 1008 இல் தூது அனுப்பியவன் பெயர் மாறவிசயன் எனத் தெளிவாகின்றது. சீனர் குறித்த சான்போசி மன்னரும், தமிழ்ச் செப்பேடு குறித்த ஸ்ரீவிஷய மன்னரும் ஒருவரே! ஆகவே சான்போசி என்பதும் ஸ்ரீவிஜயம் என்பதும் ஒரு நாடே. இராசேந்திரன் வென்ற ஊர்களின் வரிசையில் ஸ்ரீவிஜயம் ஓர் இடப்பெயராக வருவதும் இதனை உறுதி செய்தது. அங்ஙனமாயின், கோத்தா கப்பூர்க் கல்வெட்டில் உள்ளதும் அரசன் பெயரன்று, நாட்டின் பெயரே. இத்சிங் கற்ற போசியும் அதுவே. அதன் தலைநகர் பலெம்பாங். இவ்வாறு, ஆயிரங்கல் தொலைவுகளில் சிதறிக் கிடந்த பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தி, ஒரு பேரரசு மீண்டும் உருப்பெற்றது.

கட்டுரை வெளிவந்து ஈராண்டு கழிந்து, 1920 இல், பலெம்பாங் நகருக்கு அண்மையிலேயே இரு கல்வெட்டுகள் கிடைத்தன. பல்லவ எழுத்தில், பழைய மலாய் மொழியில் அமைந்த அவற்றுள் ஒன்று கெடுக்கான் புக்கிட் என்னுமிடத்தது. 683 ஆம் ஆண்டில் ஒரு தலைவன் இருபதினாயிரம் படையுடன் புறப்பட்டு வெற்றி கண்டதை அது கூறுகின்றது. தாலாங் தூவோ என்னுமிடத்துக் கிடைத்த மற்றையது, 684 இல் ஸ்ரீ ஜயநாசன் என்னும் மன்னன் ஒரு பூந்தோட்டம் அமைத்ததைக் கூறுவது. தென்னை, கமுகு, சவ்வரிசிப் பனை, மூங்கில் முதலியவை அங்கே நடப்பட்டன. வழிச்செல்வோர் பசித்தால் உண்ணவும், விடாய்த்தால் அருந்தவும் அவை பயன்படுக என்றும், எல்லா உயிர்களும் இன்புறுக என்றும் அம்மன்னன் வேண்டுகின்றான். படையெடுத்த செய்தியும், மரம் நட்ட செய்தியும் ஓராண்டு இடைவெளியிற் கல்லில் ஏறியிருப்பது கருதத்தக்கது. அடுத்து 1921 இல் நாலந்தாவில் ஒரு செப்பேடு வெளிப்பட்டது. சுவர்ணத்தீவின் மன்னன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரம் எடுப்பித்தான் என்றும், அதற்கு வங்கத்துப் பால மரபின் தேவபாலன் ஐந்து ஊர்களை வழங்கினான் என்றும் அது சான்று பகர்கின்றது.

இவற்றின் பயனாக நூல்கள் பல எழுந்தன. ஆர். சி. மஜும்தார் 1937 இலே சுவர்ணத்தீவு பற்றிப் பெருநூல் வெளியிடத் தொடங்கினார். சோழர் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற நீலகண்ட சாஸ்திரியார் 1949 இல் ஸ்ரீவிஜய வரலாற்றைத் தனி நூலாகத் தந்தார். செடேஸ் அவர்களே 1944 இற் கீழை நாடுகளின் இந்து மயமான அரசுகள் பற்றி ஒரு பொது நூல் எழுதினார். அது பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

ஆயினும், அக்கால நூல்களைப் பயில்வோர் ஒரு குறையை நோக்காதிருத்தல் இயலாது. பாரதத்தவர் எழுதிய நூல்கள் சிலவற்றில், தென்கிழக்காசிய நாடுகள் பாரதத்தின் குடியேற்றங்களாகவே பேசப்பட்டன. பாரதத்தவர் சென்று எழுத்தும் சமயமும் அரசும் கொடுத்தனர், அந்நாட்டு மக்கள் வாளா பெற்றுக்கொண்டனர் என்பது அவற்றின் போக்கு. ஐரோப்பியரின் ஆட்சியிற் கட்டுண்டு கிடந்த ஒரு மக்கட்கூட்டம், தன் முன்னோரும் கடல் கடந்து ஆண்டனர் என நினைந்து ஆறுதல் கொண்டமை இயல்பே. எனினும் ஆறுதல் வேறு, வரலாறு வேறு. வான் லூர் என்னும் இளம் ஒல்லாந்த அறிஞர் 1934 ஆம் ஆண்டிலேயே இப்போக்கை மறுத்தெழுதினார். அந்நாட்டு மன்னரும் தலைவரும் தமக்கு வேண்டியவற்றைத் தாமே தெரிந்து கொண்டனர், அந்தணரையும் புலவரையும் தாமே அழைத்தனர் என்பது அவர் கொள்கை. 1942 இல் யாவாக் கடற்போரில் அவர் மாண்டார். அவர் கட்டுரைகள் 1955 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தபின்னரே பலரும் அவற்றின் அருமையை உணர்ந்தனர். 1967 இல் ஓ. டபிள்யு. வோல்ட்டர்ஸ் எழுதிய நூல், ஸ்ரீவிஜயத்தின் எழுச்சிக்கு அந்நாட்டு மாலுமிகளும், அவர்கள் சீனத்துக்குக் கொண்டுசென்ற குங்கிலியம், சாம்பிராணி போன்ற காட்டுப்பொருள்களும் காரணமாயின என விளக்கிற்று.

ஐயமும் எழாமலில்லை. 1974 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் பலெம்பாங்கில் ஆராய்ந்து, ஏழாம் நூற்றாண்டுக்குரிய நகரின் சுவடுகளைக் காணவில்லை என்றனர். செடேஸ் கண்டது வெறுங்கனவோ என்று கேட்கும் நிலை வந்தது. எண்பதுகளின் பிற்பகுதி தொட்டுப் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் இவ் மாங்கென் அவர்களும் இந்தோனேசிய அறிஞரும் கூடி மூசி ஆற்றங்கரையில் அகழ்ந்தபோது நிலைமை மாறியது. எட்டாம் நூற்றாண்டு முதலாகச் சீனத்திலிருந்து வந்த மட்கலங்களின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. மரத்தாலும் மூங்கிலாலும் ஆகி, ஆற்றின் மேலும் சேற்றின் மேலும் நின்ற நகரம், கல்நகரம்போலத் தன் சுவடுகளை விட்டுச் செல்லாது. நீரின்மேல் வாழ்ந்த மக்களைப் பற்றிச் சாவ் சூகுவா எழுதியது பொய்யன்று என்பது தெளிவாயிற்று. 1998 இற் பெலித்துங் தீவையடுத்த கடலில் ஒரு பழங்கப்பல் கண்டெடுக்கப்பட்டது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேலைக்கடற் கப்பல் அது; அதனுள் ஏறத்தாழ அறுபதினாயிரம் சீனக் கலங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்திற் பொறித்த ஆண்டு கி.பி. 826 ஆகும். இத்சிங் ஏறிய பாரசீகக் கப்பலுக்கு உறவான ஒரு கப்பலை, ஏட்டிலன்றிக் கண்ணாலேயே காணும் பேறு இக்காலத்தவர்க்குக் கிட்டியது.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் ஒரு கடினமான வினா உண்டு. இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் விகாரம் எடுத்து நட்புப் பூண்ட நாட்டின்மேல், அவன் மைந்தன் 1025 ஆம் ஆண்டளவிற் படையெடுத்தது ஏன்? ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று பெயர்களைத் தஞ்சைச் சாசனம் அடுக்குகின்றது. இவற்றுள் மலையூர் சுமத்திராவின் மலாயு என்றும், மாதமாலிங்கம் இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள தாம்பிரலிங்கம் என்றும், மாநக்கவாரம் நிக்கோபார் என்றும், கடாரம் மலேசியாவின் கெடா என்றும் கொள்வர். மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவன் கருவூலம் கவரப்பட்டது. அணிமிக்க வாயில்கள் கொள்ளப்பட்டன.

பள்ளிக்கூடங்களில் இப்பகுதி பெருமிதத்தோடு படிக்கப்படுகின்றது. பெருமிதம் தவறன்று, அத்துணைப் பெரிய கடற்படையைத் திரட்டி வங்கக் கடலைக் கடத்தல் எளிய செயலன்று. ஆனால் அதே செய்தியைப் பலெம்பாங்கின் மூசி ஆற்றங்கரையில் நின்று நோக்கினால் அது எவ்வாறு தோன்றும்? கோயிலும் பள்ளியும் நிறைந்த தம் நகரைக் கடல் கடந்து வந்தோர் சூறையாடிய நாளாகவே தோன்றும். இலங்கையர்க்கு இவ்வுண்மையை விளக்க வேண்டியதில்லை. அனுராதபுரத்தை 993 இல் வென்ற சோழர், 1070 வரை இத்தீவின் பெரும்பகுதியை ஆண்டனர். தஞ்சையில் வெற்றியாக எழுதப்பட்டது மகாவம்சத்தின் தொடர்ச்சியில் துயரமாக எழுதப்பட்டது. இரண்டு ஏடுகளையும் ஒருசேரப் படிப்பவனே வரலாற்று மாணவன்.

2009 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில், நாகப்பட்டினம் முதல் சுவர்ணத்தீவு வரை என்னும் பொருள்பட ஒரு கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. ஜெர்மானியரும், இந்தியரும், பிறரும் கூடி, சோழர் கடற்படையெடுப்பைப் பல கோணங்களில் ஆராய்ந்த நூல் அது. சீனத்தோடு நடந்த வணிகத்தில் ஸ்ரீவிஜயம் இடைநின்று தடைசெய்தமை, தமிழ் வணிகக் கணத்தாரின் நலன், பொருள் கவரும் நோக்கம், புகழாசை எனக் காரணங்கள் பலவாக அங்கே ஆராயப்படுகின்றன. எவரும் ஒன்றையே முடிந்த முடிபாகக் கொண்டிலர். சான்று கூறும் அளவே கூறி, கூறாத இடத்தில் அடங்கி நிற்றல் நல்ல நூலுக்கு அழகு.

போரோடு கதை முடியவுமில்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1090 ஆம் ஆண்டளவில், கடாரத்து மன்னனின் தூதர் இருவர் சோழ அவைக்கு வந்து, நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களை வரியினின்றும் நீக்குமாறு வேண்டினர், மன்னனும் இசைந்தான். இதனைக் கூறுவது சிறிய லெய்டன் செப்பேடு. வாளெடுத்து அறுபத்தைந்து ஆண்டு செல்லுமுன் இரு நாட்டினரும் வரிக்கணக்கும் ஊரெல்லையும் பேசும் அண்டை அயலாராயினர். அவ்விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரமொன்று நாகப்பட்டினத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. 1867 இல் அது இடிக்கப்பட்டது. அப்பகுதியிற் கிடைத்த வெண்கலப் புத்த படிமங்கள் பல நூதனசாலைகளிற் சிதறிக் கிடக்கின்றன.

ஈழத்துக்கும் அந்நாட்டின் தொடர்பு உண்டு. 1247 ஆம் ஆண்டில், தாம்பிரலிங்கத்தின் அரசனாகிய சந்திரபானு, தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்ட காலத்தில் இத்தீவின்மேற் படையெடுத்தான். அவனைச் சிங்கள, பாளி நூல்கள் சாவகன் என்றே வழங்குகின்றன. அவனும் அவன் மைந்தனும் வடபகுதியிற் சிலகாலம் ஆதிக்கம் செலுத்தினர். பாண்டியர் சாசனங்கள் அவர்களைக் குறிக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலுள்ள சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயர் அச்சாவகரின் நினைவே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். நாள்தோறும் சந்தைக்குச் செல்வோர் வாயில் வழங்கும் ஒரு பெயருக்குள் இத்துணைக் கடலும் அடங்கிக் கிடக்கின்றது.

இத்தகைய நாட்டை அதன் மக்கள் ஏன் மறந்தனர்? முற்றும் மறந்தனர் எனல் பொருந்தாது. மலாய் அரச மரபின் கதைகள் பலெம்பாங்கிலுள்ள செகுந்தாங் குன்றிலிருந்தே தொடங்குகின்றன. மலாக்காவை நிறுவிய பரமேசுவரன் பலெம்பாங்கிலிருந்து சென்ற இளவரசனே. இடம் நினைவில் நின்றது. மன்னர் மரபும் நின்றது. நாட்டின் பெயரும் காலமும் மட்டும் நழுவின. 1377 இல் யாவாவின் மஜபாகித் அரசு பலெம்பாங்கைத் தாக்கியபின் பழைய எழுத்தைப் படிப்போர் அருகினர். ஓலையும் மரப்பட்டையும் வெப்பநாட்டு ஈரத்தில் அழிந்தன. படியெடுத்து வைப்பாரில்லாத ஏடு, எத்துணைப் பேரரசின் ஏடாயினும் நிலைபெறாது. ஆயிரம் துறவிகள் கற்ற நகரில் எழுதப்பட்ட நூல்களுள் இன்று கையிற் கிடைப்பவை மிகச் சில. அந்நகரைப் பற்றி அயலார் எழுதியனவே எஞ்சின. மீண்டும் கிடைத்த பெயரை இந்தோனேசிய மக்கள் போற்றிக்கொண்டனர். 1960 இற் பலெம்பாங்கில் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கு ஸ்ரீவிஜயம் என்றே பெயரிட்டனர்.

தமிழ் வாசகர்க்கு இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஆசியாவின் வரலாறு பற்றிய புதிய நூல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அவற்றுட் பெரும்பாலன ஆங்கிலத்திலும், பிரெஞ்சிலும், சீனத்திலும், இந்தோனேசிய மொழியிலும் உள்ளன. தமிழ்ச் செப்பேட்டைத் துணைக்கொண்டு கண்ட உண்மையையே தமிழ் மாணவன் பிறமொழி நூலிற் படிக்க நேர்வது வருந்தத்தக்கது. தனிநாயகம் அடிகளார் முதலியோரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 இல் முதன்முதலாகக் கோலாலம்பூரிற் கூடியது. கடாரம் அமைந்த மலேசிய நாட்டிற்கு, நாவாய்ப் படையோடன்றி நூல்களோடும் கட்டுரைகளோடும் தமிழர் சென்ற நாள் அது. அம்முயற்சி தொடர வேண்டுமாயின், அயல்நாட்டார் வரலாற்றை அவர்கள் கண்கொண்டு காட்டும் நல்ல நூல்கள் தமிழில் வருதல் வேண்டும். ஊர் நூல்நிலையங்கள் அவற்றை வாங்கி வைத்தல் வேண்டும். ஆசிரியர் அவற்றை மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.

நூலொன்று எழுதப்படாதாயின் ஒரு நாடே மறைந்துபோகும் என்பதை ஸ்ரீவிஜயம் காட்டிற்று. எழுதியதைப் பிறிதொன்றோடு ஒப்பிட்டுப் படிப்பாரில்லையாயின், எழுதியும் பயனில்லை என்பதையும் அதுவே காட்டிற்று. தாளும் மையும் வேண்டிக் கடிதம் கொடுக்கச் சென்று, காற்றால் தாயகம் கொண்டுசெல்லப்பட்ட அத்துறவி, வீட்டை அடைந்தோம் என்று அமைந்துவிடவில்லை. ஏடுகள் கிடந்த இடத்துக்கு மீண்டும் கப்பலேறினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழிந்தும் அவர் எழுதிய நூல்கள் படிக்கப்படுகின்றன.